சாதாவா, பவரா? நம் காருக்கு எந்தப் பெட்ரோல் போதும்

பங்க்கில் வண்டியை நிறுத்தி டேங்க் மூடியைத் திறந்ததும் முதலில் காதில் விழுவது, "சாதாவா சார், பவரா?" என்ற கேள்விதான். 'பவர்' என்பது இந்துஸ்தான் பெட்ரோலியம் தன் விலை கூடிய பெட்ரோலுக்கு வைத்த பெயர். பாரத் பெட்ரோலியத்தில் அதே ரகத்துக்கு 'ஸ்பீட்' என்று பெயர், இந்தியன் ஆயிலில் 'எக்ஸ்பி95'. ஆனால் தமிழ்நாட்டில் எந்தக் கம்பெனி பங்க்காக இருந்தாலும் பலர் வாயில் அது 'பவர்'தான். அந்தப் பெயரே பாதி முடிவை நமக்காக எடுத்துவிடுகிறது. கூடுதல் பலம் கிடைக்கிறதென்றால் வண்டிக்கு நல்லதுதானே என்று தோன்றிவிடுகிறது.

என் சித்தப்பா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். 2014-இல் வாங்கிய வேகன்ஆர் வைத்திருக்கிறார். "மாசத்துக்கு ஒரு தடவை பவர் ஃபுல் டேங்க் போட்டுட்டா, இன்ஜின் உள்ளே எல்லாம் கழுவி விட்டாப்புல ஆயிடும்டா" என்று பல வருடமாகச் சொல்லிவருகிறார், செய்தும் வருகிறார். பென்ஷன் பணத்தில் கணக்குப் பார்த்துச் செலவு செய்கிற மனிதர், வண்டிக்கு என்று வரும்போது மட்டும் கை தாராளமாகிவிடும். அவர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்தக் கொஞ்சம் எது என்று பிரித்துப் பார்க்காமல் விட்டதால்தான் அவரைப்போல் பல குடும்பங்களில் மாதாமாதம் பணம் வீணாகிறது என்பது என் எண்ணம்.

'நல்ல பெட்ரோல்' என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் மூன்று வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, ஆக்டேன் எண். இன்னொன்று, இன்ஜினுக்குள் படியும் கரியை நீக்க அதில் சேர்க்கப்பட்ட சுத்திகரிப்பு மருந்து. மூன்றாவது, பெட்ரோல் கலப்படமில்லாமல், தண்ணீர் சேராமல், பழசாகாமல் இருக்கிறதா என்பது. விளம்பரம் முதலாவதைப் பற்றியே பேசுகிறது. சாதாரண காரின் இன்ஜினைப் பெரிதும் பாதிப்பது கடைசியாகச் சொன்னது.

ஆக்டேனிலிருந்து தொடங்கலாம். 91, 95, 100 என்று பங்க்கில் எழுதியிருக்கும் எண் பெட்ரோலின் பலத்தைச் சொல்லும் எண் அல்ல. அது பெட்ரோலின் பொறுமையைச் சொல்லும் எண். சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோல் ஆவியும் சேர்ந்து பிஸ்டனால் நசுக்கப்படும்போது சூடேறும். ஸ்பார்க் பிளக் பொறி தட்டி, அந்தத் தீ ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒழுங்காகப் பரவ வேண்டும். தீ வந்து சேர்வதற்கு முன்பே, ஓரத்தில் நசுங்கிக் கிடக்கும் மிச்சக் கலவை சூடு தாங்காமல் தானாக வெடித்தால் அதற்குப் பெயர் நாக்கிங். மலைப்பாதையில் கியரைக் குறைக்காமல் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது, டப்பாவுக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல 'கிணுகிணு' என்று ஒரு சத்தம் வரும். அதுதான் இது. தொடர்ந்து அப்படி ஓட்டினால் பிஸ்டன் தலையில் குழி விழும், ரிங் உடையும். எந்தப் பெட்ரோல் எவ்வளவு நசுக்கினாலும் தானாக வெடிக்காமல் பொறிக்காகக் காத்திருக்கிறது என்பதைத்தான் ஆக்டேன் எண் அளக்கிறது.

இந்த எண் வந்த கதை 1920-களின் அமெரிக்காவைச் சேர்ந்தது. அப்போது ஒவ்வொரு சுத்திகரிப்பு ஆலையின் பெட்ரோலும் ஒவ்வொரு விதமாக இருக்கும். எதை எதோடு ஒப்பிடுவது என்றே யாருக்கும் தெரியாது. கிரஹாம் எட்கர் என்ற வேதியியலாளர் 1926-இல் இரண்டு திரவங்களை அளவுகோலாக எடுத்துக்கொண்டார். கொஞ்சம் நசுக்கினாலே வெடித்துவிடும் ஹெப்டேனுக்கு 0, மிகவும் பொறுமையான ஐசோ ஆக்டேனுக்கு 100. ஓடும்போதே அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒற்றை சிலிண்டர் சோதனை இன்ஜின் ஒன்றும் அடுத்த சில ஆண்டுகளில் உருவானது. இன்றைக்கும் பெட்ரோலை அந்த வகை இன்ஜினில் நிமிடத்துக்கு 600 சுற்று வேகத்தில் ஓட்டித்தான் இந்த எண்ணைக் கண்டுபிடிக்கிறார்கள். 91 பாகம் ஐசோ ஆக்டேனும் 9 பாகம் ஹெப்டேனும் கலந்த கலவை எந்த அழுத்தத்தில் நாக்கிங் கொடுக்குமோ, அதே அழுத்தத்தில் உங்கள் பெட்ரோலும் கொடுத்தால் அது 91.

எளிதில் பற்றுவது வேறு, பற்றியபின் எவ்வளவு சூடு தருகிறது என்பது வேறு. ஒரு லிட்டர் 91-லும் ஒரு லிட்டர் 95-லும் அடங்கியிருக்கும் ஆற்றல் ஏறக்குறைய ஒன்றுதான். 'பவர்' என்ற பெயர் மறைத்துவிடுகிற செய்தி இது.

அப்படியானால் 95 எதற்கு? பொறுமையான பெட்ரோல் கிடைத்தால் இன்ஜினை வடிவமைப்பவர் கலவையை இன்னும் அதிகமாக நசுக்கத் துணியலாம். எவ்வளவு நசுக்குகிறோமோ அவ்வளவுக்கு அதே பெட்ரோலிலிருந்து கூடுதல் வேலை வாங்க முடியும். இப்படி நசுக்கும் அளவைத்தான் மெக்கானிக்குகள் கம்ப்ரஷன் ரேஷியோ என்கிறார்கள். அம்பாசடரின் பழைய பெட்ரோல் இன்ஜினில் கலவை ஏழில் ஒரு பங்காக நசுக்கப்பட்டது. இன்று மாருதியின் 1.2 லிட்டர் டூயல்ஜெட் இன்ஜினில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஆக, பலம் வருவது இன்ஜினின் வடிவமைப்பிலிருந்து. பெட்ரோல் அந்த வடிவமைப்புக்கு இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். 91-க்கென்று வடிவமைத்த இன்ஜினில் 95 ஊற்றினால் அதன் கம்ப்ரஷன் கூடிவிடாது. கொடுத்த கூடுதல் பொறுமை பயன்படாமல் புகைபோக்கி வழியே போய்விடும்.

இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு, அது நியாயமானதும்கூட. இன்றைய கார் இன்ஜின்கள் பலவற்றில் நாக் சென்சார் இருக்கிறது. சிலிண்டர் சுவரில் எழும் அதிர்வை அது உணர்ந்தவுடன், இன்ஜின் கணினி பொறி தட்டும் நேரத்தை ஓரிரு டிகிரி தள்ளிப்போடும். நாக்கிங் நிற்கும், கூடவே இழுவையும் கொஞ்சம் குறையும். ஆகவே 95 போட்டால் கணினி பொறியை முன்கூட்டியே தட்ட முடியும், இழுவை கூடும் என்பது வாதம். உண்மைதான், ஆனால் கணினிக்குள் ஒரு எல்லை எழுதப்பட்டிருக்கிறது. 91-க்காக அளவமைத்த இன்ஜின், 91-இலேயே நாக்கிங் இல்லாமல் அந்த எல்லையைத் தொட்டுவிட்டால், அதற்கு மேல் எவ்வளவு உயர்ந்த ஆக்டேன் கொடுத்தாலும் முன்னேறாது.

அமெரிக்க வாகன ஓட்டிகளின் சங்கமான ஏ.ஏ.ஏ. இதை ஆய்வகத்தில் ஓட்டிப் பார்த்தது. சாதா பெட்ரோல் போதும் என்று கம்பெனியே சொல்லும் கார்களில் பிரீமியம் ஊற்றி 2016-இல் சோதித்தபோது இழுவையிலோ மைலேஜிலோ புகையிலோ குறிப்பிடும்படியான மாற்றம் எதுவும் இல்லை. தேவையே இல்லாமல் பிரீமியம் போட்டு அமெரிக்கர்கள் ஒரே ஆண்டில் 210 கோடி டாலர் கூடுதலாகச் செலவழித்திருந்தார்கள் என்றும் அது கணக்கிட்டது. மறுவருடம், 'பிரீமியம் போட்டால் நல்லது, கட்டாயமில்லை' என்று சொல்லும் கார்களை எடுத்துக்கொண்டது. அவற்றில் பலன் தெரிந்தது. மைலேஜ் சராசரியாக 2.7 சதவீதமும், குதிரைத்திறன் 1.4 சதவீதமும் கூடின.

இந்த 2.7 சதவீதத்தை நம் ஊர் விலையோடு வைத்துப் பார்க்க வேண்டும். சாதா பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய் என்றும், பவர் அதைவிட ஏழரை ரூபாய் கூடுதல் என்றும் வைத்துக்கொள்வோம். கொடுத்த கூடுதல் பணத்தை மைலேஜில் திரும்ப எடுக்க வேண்டுமானால் மைலேஜ் 7.4 சதவீதம் கூட வேண்டும். அதாவது லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் கார் 16.1 தர வேண்டும். பிரீமியத்தை விரும்பும் கார்களிலேயே கிடைத்தது அதில் பாதிகூட இல்லை. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் அந்தக் காருக்கு வருடம் 6,000 ரூபாய் கூடுதலாகப் போகிறது. ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு இது சின்னத் தொகை இல்லை. அந்தப் பணத்தில் ஒவ்வொரு வருடமும் இன்ஜின் ஆயிலும் ஏர் ஃபில்டரும் மாற்றிவிடலாம். அவை மெய்யாகவே இன்ஜினின் ஆயுளைக் கூட்டும்.

யாருக்குத்தான் உயர்ந்த ஆக்டேன் தேவை? வண்டியோடு வந்த கையேட்டைத் திறந்து பாருங்கள், அல்லது பெட்ரோல் மூடியின் உட்புறம் ஒட்டியிருப்பதைப் படியுங்கள். '95 கட்டாயம்' என்றிருந்தால் 95 போட்டே ஆக வேண்டும். சில இறக்குமதி சொகுசுக் கார்களுக்கும், பெரிய பைக்குகள் சிலவற்றுக்கும் இது பொருந்தும். டர்போ இன்ஜின் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கூடுதல் கவனம் எடுக்கலாம். டர்போ காற்றை முன்கூட்டியே அமுக்கி உள்ளே திணிக்கிறது. சித்திரை வெயிலில், ஏ.சி. ஓட, ஐந்து பேரோடு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறும்போது அந்த சிலிண்டருக்குள் உள்ள சூடு சாதாரண நாளில் இருப்பதல்ல. அப்படி ஒரு பயணத்துக்கு 95 போட்டால் வித்தியாசம் உணரலாம். ஆனால் அதைவிடப் பெரிய வித்தியாசத்தைச் செலவில்லாமல் தருவது கியர்தான். மூன்றாவதில் இன்ஜினைத் திணறவிடாமல் இரண்டாவதுக்கு இறக்கினாலே பெரும்பாலான நாக்கிங் அடங்கிவிடும்.

100 ஆக்டேன் பெட்ரோலும் நம் நாட்டில் 2020 டிசம்பர் முதல் கிடைக்கிறது. சாதா பெட்ரோலைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல் விலை. அன்றாடம் ஓட்டும் ஹேட்ச்பேக் காருக்கு அதை ஊற்றுவதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

ஊருக்கு ஊர் 'சாதா' மாறுவதும் குழப்பத்தைக் கூட்டுகிறது. மலேசியாவில் அரசு மானியம் தரும் சாதா பெட்ரோலே 95. அமெரிக்காவிலிருந்து வரும் உறவினர் "அங்கே நாங்க 87 தான் போடுறோம்" என்பார். அது தரம் குறைந்ததல்ல. அங்கே இரண்டு வேறு சோதனைகளின் சராசரியை எழுதுகிறார்கள். நம் கணக்கில் அது ஏறத்தாழ 91, 92 வரும். இலங்கையில் 92, 95 என இரண்டு ரகம். அங்கே சாலையில் ஓடுபவற்றில் பெரும்பங்கு ஜப்பானில் பயன்படுத்திவிட்டு இறக்குமதியான கார்கள். "ஜப்பான் வண்டி, நல்ல எண்ணெய்தான் அடிக்கணும்" என்று 95 அடிப்பவர்கள் அங்கே நிறையப் பேர். ஆனால் ஜப்பானின் தர விதிப்படி அவர்களுடைய சாதா பெட்ரோலுக்கு ஆக்டேன் 89 இருந்தாலே போதும். அந்தப் பெட்ரோலுக்காகச் செய்யப்பட்ட வேகன்ஆரும் ஆல்டோவும் விட்ஸும் 92-இல் நிம்மதியாக ஓடும். டொயோட்டா பிரியஸ் காரின் இன்ஜினில் கம்ப்ரஷன் எண் 13 என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்துப் பயந்து 95 அடிப்பவர்களும் உண்டு. அந்த இன்ஜின் வால்வைத் தாமதமாக மூடுவதால், உள்ளே வந்த கலவையில் ஒரு பங்கை வெளியே தள்ளிவிட்டுத்தான் மிச்சத்தை நசுக்குகிறது. தாளில் உள்ள எண் அளவுக்கு உள்ளே அழுத்தம் ஏறுவதில்லை. ஜப்பானில் அதற்கும் சாதா பெட்ரோல்தான்.

இனி சித்தப்பாவின் 'கழுவிவிடும்' நம்பிக்கை. அவர் சொல்வதிலுள்ள உண்மை இங்கேதான் இருக்கிறது. பெட்ரோல் எரியும்போதும், சூடான இன்ஜினை அணைத்துவிட்டுப் போகும்போதும், பெட்ரோலைத் தூவும் இன்ஜெக்டரின் முனையிலும், கலவையை சிலிண்டருக்குள் விடும் வால்வின் முதுகிலும் பிசின் போல ஒன்று படிந்து நாளடைவில் கரியாக இறுகும். இன்ஜெக்டர் துளைகள் முடியின் கனத்தில் இருப்பவை. அதில் சிறு படிவு விழுந்தாலும் மெல்லிய தூவலாக வர வேண்டிய பெட்ரோல் ஒழுகலாக வரும். காலையில் ஸ்டார்ட் ஆகத் திணறுவது, நின்ற நிலையில் வண்டி நடுங்குவது எல்லாம் அதன் அறிகுறிகளாக இருக்கலாம். சோப்பு எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்து இழுப்பதுபோல இந்தப் படிவைப் பிடித்திழுக்கும் வேதிப்பொருட்களைப் பெட்ரோலில் சேர்ப்பதுண்டு. விலை கூடிய ரகங்களில் இவை கூடுதலாக இருக்கும். அதே ஏ.ஏ.ஏ. சங்கம் 2016-இல் செய்த இன்னொரு சோதனையில், சுமார் 6,400 கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சமமான காலம் இன்ஜின்களை ஓடவிட்டது. கார் கம்பெனிகளே சேர்ந்து வகுத்த உயர்ந்த சுத்திகரிப்புத் தரத்தை எட்டிய பெட்ரோலைவிட, எட்டாத பெட்ரோலில் வால்வு மேல் சராசரியாக 19 மடங்கு படிவு சேர்ந்திருந்தது.

அந்தச் சோதனையில் வித்தியாசத்தைத் தந்தது மருந்து, ஆக்டேன் அல்ல. அங்கே இந்த மருந்து சாதா ரகத்திலும் சேர்க்கப்படுகிறது. நம் ஊரில் கூடுதல் மருந்து வேண்டுமென்றால் பெரும்பாலும் கூடுதல் ஆக்டேனையும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கிறது. எந்த ரகத்தில் எந்த மருந்து எவ்வளவு என்று பங்க்கில் எழுதி வைத்தால் வாங்குபவர் முடிவெடுப்பது எவ்வளவோ எளிதாகும். அதை எழுதி வைக்கச் சொல்லிக் கேட்பது நம் உரிமை என்றே நினைக்கிறேன்.

மருந்தின் பயனும் இன்ஜினைப் பொறுத்தது. சித்தப்பாவின் வேகன்ஆர் போன்ற வண்டிகளில் பெட்ரோல் வால்வுக்கு முன்னால் தூவப்படுகிறது. போகிற போக்கில் வால்வைக் கழுவிக்கொண்டே உள்ளே போகும். புதிய டர்போ கார்கள் பலவற்றில் நேராக சிலிண்டருக்குள்ளேயே தூவுகிறார்கள். அங்கே பெட்ரோல் வால்வின் முதுகைத் தொடுவதே இல்லை. எவ்வளவு விலை உயர்ந்த மருந்து கலந்திருந்தாலும் அந்தக் கரி அப்படியேதான் இருக்கும். இன்ஜெக்டர் மட்டும் சுத்தமாகும். ஆகவே பழைய வண்டியில், நீண்ட நாள் நின்று கிடந்த வண்டியில், எப்போதாவது இரண்டு டேங்க் தொடர்ந்து பவர் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை. மாதம் தவறாமல் நேர்த்திக்கடன் போலச் செய்ய வேண்டியதில்லை.

பெட்ரோலின் பொறுமையைக் கூட்ட மனிதர்கள் எதையெல்லாம் அதில் கலந்தார்கள் என்பது தனிக் கதை, அதில் வேதனையும் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லி 1921 டிசம்பரில் டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைக் கண்டார். சில துளிகள் போதும், நாக்கிங் நின்றுவிடும். 1923-இல் ஒஹாயோவின் டேட்டன் நகரில் விற்பனைக்கு வந்தது. 1924-இல் நியூஜெர்சியில் அதைத் தயாரித்த ஆலையில் ஐந்து தொழிலாளர்கள் ஈய நஞ்சால் மனம் பிறழ்ந்து இறந்தார்கள். அதற்குப் பிறகும் உலகம் முழுக்கப் பல பத்தாண்டுகள் அந்த ஈயம் புகையாக வெளியேறி, குழந்தைகளின் ரத்தத்தில் கலந்தது. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995-இல் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. நாடு முழுக்க ஈயம் நின்றது 2000 பிப்ரவரியில். உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா நிறுத்தியது 2021-இல்தான். சாராயமும் நாக்கிங்கைத் தடுக்கும் என்பது மிட்ஜ்லிக்கு அப்போதே தெரியும். கைக்கெட்டும் தூரத்தில் அது இருக்க, ஈயத்தை எடுத்துக்கொண்டார்கள்.

அந்தச் சாராயம்தான் எத்தனால் என்ற பெயரில் இன்று நம் டேங்க்குக்கு வந்திருக்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலை 2023 பிப்ரவரியில் அறிமுகப்படுத்தினார்கள். 2025-இல் நாட்டின் சாதா பெட்ரோலே பெரும்பாலும் அதுதான் என்றாகிவிட்டது. எத்தனாலின் ஆக்டேன் 108-ஐ ஒட்டியது. 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் தந்த விளக்கத்தில், 91 ஆக இருந்த ஆக்டேன் 20 சதவீதக் கலப்பால் 95-ஐ எட்டியிருப்பதாகச் சொல்லப்பட்டது. இந்த விளக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் ஒரு கேள்வி எழுகிறது. சாதா பெட்ரோலே 95 என்றால், ஏழெட்டு ரூபாய் கூடுதல் கொடுத்து வாங்கும் 95-இல் நமக்குக் கிடைப்பது சுத்திகரிப்பு மருந்து மட்டும்தானே? ஆக்டேனுக்காகப் பவர் போடுபவர்கள் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஆக்டேன் கூடியும் மைலேஜ் குறைகிறதே என்று பலர் புலம்புவதிலும் நியாயம் இருக்கிறது. பொறுமை வேறு, ஆற்றல் வேறு என்று முன்னே சொன்னேனே, அதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட திட்ட அறிக்கையே, பழைய கார்களில் இ20 போட்டால் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்றும், இ20-க்கென்றே அளவமைத்த கார்களில் 1 முதல் 2 சதவீதம் குறையும் என்றும் மதிப்பிட்டது. லிட்டர் விலை மட்டும் குறையவில்லை. கரும்பு விவசாயிக்கும் அந்நியச் செலாவணிக்கும் இத்திட்டம் தரும் நன்மையை மறுக்கவில்லை. ஆனாலும் பழைய கார் வைத்திருப்பவர் தோளில் இறங்கிய சுமையைப் பேசாமல் விடுவது சரியில்லை.

எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் உயிர். மழைக்காலத்தில் இதை மறக்கக் கூடாது. வெறும் பெட்ரோலில் தண்ணீர் கலந்தால் அடியில் தனியாக நிற்கும், அவ்வளவுதான். எத்தனால் கலந்த பெட்ரோல் கொஞ்சம் தண்ணீரைக் கரைத்துத் தன்னுள் வைத்துக்கொள்ளும். 10 சதவீதக் கலவை என்றால் லிட்டருக்கு ஏறத்தாழ 5 மில்லி வரை தாங்கும். அந்த அளவைத் தாண்டினால் எத்தனால் பெட்ரோலைக் கைவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து டேங்க்கின் அடியில் இறங்கிவிடும். பெட்ரோல் பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் பங்க்கின் நிலத்தடித் தொட்டியில் நீர் கசிந்து, ஒரே பங்க்கில் பெட்ரோல் போட்ட பல வண்டிகள் அரை கிலோமீட்டர் போய் நின்றுபோகும் சம்பவங்களுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த வேதியியல்தான் இருக்கிறது. 95 போட்டாலும் 100 போட்டாலும் தொட்டியில் தண்ணீர் இறங்கினால் தப்ப முடியாது.

கலப்படம் இதைவிடக் கொடியது. மண்ணெண்ணெயோ மலிவான கரைப்பானோ கலந்தால் ஆக்டேன் விழும், கரி படியும், புகையின் நச்சைக் குறைக்கப் புகைபோக்கியில் வைத்திருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் பாழாகும். 2005 நவம்பர் 19-ஆம் தேதி உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில், கலப்படத்துக்காக ஒரு பங்க்குக்குச் சீல் வைத்த இந்தியன் ஆயில் விற்பனை அதிகாரி மஞ்சுநாத் சண்முகம் சுட்டுக் கொல்லப்பட்டார். லக்னோ ஐ.ஐ.எம்.மில் படித்தவர், வயது 27. எரிபொருள் தரத்தைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் எனக்கு அவர் முகம்தான் முதலில் நினைவுக்கு வரும். ஆக்டேன் எண்ணை விளம்பரத்தில் பார்த்து வியக்கும் நாம், கலப்படமில்லாத சாதா பெட்ரோலுக்காக ஒருவர் உயிர் கொடுத்திருக்கிறார் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

இன்று நிலைமை பெரிதும் மேம்பட்டிருக்கிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகை மாசு விதி வந்தபோது பெட்ரோலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பாகத்திலிருந்து 10 பாகமாகக் குறைந்தது. கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கு இது பெரிய நிம்மதி. சாதாவுக்கும் பவருக்கும் இந்த வரம்பு ஒன்றேதான். பொதுத்துறைக் கம்பெனிகள் ஒன்றின் ஆலையிலிருந்து மற்றொன்று பெட்ரோல் எடுத்துக்கொள்வதும் வழக்கம். சென்னை மணலி ஆலையில் வடிக்கப்பட்ட பெட்ரோல் வேறு வேறு பெயர்ப் பலகைகளின் கீழ் விற்கப்படலாம். ஆகவே எந்தக் கம்பெனி என்பதைவிட எந்தப் பங்க் என்பதுதான் முக்கியம். நாள் முழுக்க வண்டி வரும் பங்க்கில் தொட்டி அடிக்கடி காலியாகி நிரம்பும், பெட்ரோல் புதிதாக இருக்கும். சிற்றூர்ப் பங்க்கில் பவர் வாங்குபவர் குறைவு. அந்தத் தொட்டியில் இருப்பது எத்தனை நாள் பழசு என்று கேட்டுவிட்டுப் போடுவது நல்லது.

சந்தேகம் வந்தால் கேட்கத் தயங்க வேண்டாம். ஒவ்வொரு பங்க்கிலும் அன்றைய அடர்த்தியை எழுதி வைத்திருக்க வேண்டும். 15 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டருக்கு 720 முதல் 775 கிலோ வரை இருக்கலாம், ஆனால் லாரியில் வந்தபோது ரசீதில் இருந்த அளவிலிருந்து 3 கிலோவுக்கு மேல் விலகக் கூடாது. ஃபில்டர் தாள் கேட்டால் தர வேண்டும். நாசில் முனையைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு விட்டால் இரண்டு நிமிடத்தில் ஆவியாகிவிட வேண்டும். எண்ணெய்க் கறை தங்கினால் புகார் செய்யலாம். பில்லை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வண்டி நின்றுபோனால் அது ஒன்றுதான் சாட்சி.

சித்தப்பாவிடம் இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேசினேன். அவர் கையேட்டை எடுத்துவந்தார். '91 அல்லது அதற்கு மேல்' என்று இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப இத்தனை வருஷம் நான் போட்டது?" என்றார். வண்டிக்கு ஒரு கெடுதலும் இல்லை சித்தப்பா, பணம்தான் போச்சு என்றேன். அவருடைய வண்டி 2023 ஏப்ரலுக்கு முந்தையது, அதாவது இ20-க்கு ஏற்ற ரப்பரும் பிளாஸ்டிக்கும் கொண்டு செய்யப்பட்டதல்ல. அதனால் மறுநாள் மெக்கானிக்கிடம் கூட்டிப்போய்ப் பெட்ரோல் ஹோஸ்களை மட்டும் பார்க்கச் சொன்னேன். டேங்க்கிலிருந்து வரும் ஹோஸ் இறுகி, வளைக்கும் இடத்தில் மயிரிழை வெடிப்பு விட்டிருந்தது. எத்தனாலாலா, பத்து வருட வயதாலா என்று மெக்கானிக்காலும் சொல்ல முடியவில்லை. ஹோஸையும் கிளிப்பையும் பெட்ரோல் ஃபில்டரையும் மாற்றிவிட்டு, டயர்களில் காற்றுச் சரிபார்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். வரும் வழியில் சாதா போட்டார்.